சான்றும் கற்பனையும்: மாணாக்கர் எழுதத்தக்க வரலாற்றுப் பொருள்கள்

நம் பாடசாலைகளில் மொழிப்பாடக் கட்டுரைக்கென நெடுங்காலமாக இடப்பட்டுவரும் தலைப்புகளுள் 'ஒரு நாணயத்தின் சுயசரிதை' என்பதும் ஒன்றாகும். அதனை எழுதாது மேல்வகுப்பை அடைந்த மாணாக்கர் அரியர். நாணயம் தங்கசாலையிற் பிறக்கும். செல்வர் கைக்குச் செல்லும். அங்கிருந்து வறியவர் கைக்கு மாறும். பல இன்பதுன்பங்களைக் கண்டு, ஈற்றிலே ஒரு சிறுவனின் உண்டியலிலோ வீதியோரப் புழுதியிலோ அடங்கும். அது எந்த நாட்டு நாணயம், எந்தக் காலத்து நாணயம், அதன் முகத்திற் பொறிக்கப்பட்டுள்ள உருவம் யாருடையது என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. ஆதலின் நாற்பது மாணாக்கர் எழுதிய நாற்பது கட்டுரைகளும் ஒரே நாணயத்தின் கதையாகவே அமைந்துவிடுகின்றன.

இக்குறை மாணாக்கரின் கற்பனை வறுமையால் நேர்ந்ததன்று. கொழுகொம்பு நாட்டாத கொடி நிலத்திலேயே சுற்றிக் கிடத்தல் இயல்பு. மெய்யான ஒரு பொருளை, அதாவது ஒரு காசையோ கல்லையோ முத்திரையையோ அவர்கள் முன்வைத்து, அதனைப்பற்றி அறிஞர் கண்டறிந்தவற்றையும் எடுத்துக்கூறி, அதன் பின்னர் எழுதுமாறு பணித்தால் அவர்களது எழுத்து வேறாகும். வரலாறு, தொல்பொருளியல், கடற்செலவு என்பவற்றினின்றும் அத்தகைய பொருள்கள் சிலவற்றை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். ஒவ்வொன்றிலும் மூன்று வினாக்களை எழுப்புவோம். சான்று கூறுவது யாது? அது கூறாது விடுவது யாது? கூறாது விட்ட இடத்திற் கற்பனை எவ்வளவு தூரம் செல்லலாம்?

1. கந்தரோடைக் காசு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுன்னாகத்திற்கு அண்மையிலுள்ள கந்தரோடையில் 1917ஆம் ஆண்டு தொடக்கம் 1919ஆம் ஆண்டு வரை போல் பீரிஸ் என்பார் அகழ்வாய்வு நிகழ்த்தினார். அங்கே அச்சுக்குத்திய பழைய இந்திய நாணயங்களும், இலக்குமி உருவம் பொறித்த தகடுகளும், உரோம நாணயங்களும், மணிகளும் கிடைத்தன. கண்ணுக்கு மைதீட்டப் பயன்பட்டவை எனக் கருதத்தக்க செப்புக் கோல்களும் அவற்றிடையே இருந்தன.

இலங்கையிற் கிடைத்த உரோம நாணயங்களுட் பெரும்பாலானவை கி. பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்புக்காசுகளாகும். அவற்றைப் பார்த்து இந்நாட்டிலேயே ஆக்கப்பட்ட காசுகளும் உள. இவை இரண்டும் ஐயமற்ற செய்திகள். இவற்றை மனத்திற் கொண்டு அக்காசை நோக்குமிடத்து எத்துணை வினாக்கள் பிறக்கின்றன! பொன்னையும் வெள்ளியையும் கடல் கடந்து கொணர்தலுக்குக் காரணம் எளிதில் விளங்கும். ஆனால், மதிப்பிற் குறைந்த செப்புக்காசு இத்துணைத் தூரம் வந்தது எவ்வாறு? வணிகரே நேரில் வந்து கொடுத்தனரா? தென்னிந்தியத் துறைமுகங்களிற் பல கை மாறியதன் பின்னரே இங்கு வந்ததா? அதனைப் பெற்ற ஊரவர் அதிலிருந்த பேரரசரின் முகத்தை யாருடையதென எண்ணினர்? அதே வடிவிற் புதிய காசு செய்யத் துணிந்த கம்மியன், தான் வாசித்தறியாத எழுத்துக்களை எவ்வாறு பெயர்த்துப் பொறித்தான்?

'நாணயத்தின் சுயசரிதை' என்னும் பழைய தலைப்பை நாம் கைவிட வேண்டியதில்லை. 'கந்தரோடையிற் கிடைத்த உரோமச் செப்புக்காசின் சுயசரிதை' எனச் சிறிது நீட்டினாலே போதும். நாற்பது மாணாக்கரும் நாற்பது வேறு வழிகளிற் செல்வர். ஆயினும் எவரும் அக்காசை விமானத்தில் ஏற்றமாட்டார். பருவக்காற்றை அறியாத மாலுமியிடத்து ஒப்படைக்கவும் மாட்டார். சான்று இட்ட வேலி அவர்களைக் காக்கும்.

2. காலி மும்மொழிக் கல்

1911ஆம் ஆண்டிலே காலி நகரில், நீர்க்கால் ஒன்றிற்கு மூடியாகக் கிடந்த கற்பலகையொன்று எஞ்சினியர் ஒருவரின் கண்ணிற்பட்டது. அதனைப் புரட்டி நோக்கியபோது சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிற் பொறிக்கப்பட்ட எழுத்துக்கள் காணப்பட்டன. சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவராகிய செங் ஹோ இலங்கைக்குக் கொணர்ந்த கல் அது. அதிற் காணப்படும் காலக்குறிப்பு 1409ஆம் ஆண்டுக்கு உரியது. சீனநாட்டிலேயே பொறிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்ட அக்கல் இன்று கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது.

அதன் செய்தி வியப்புக்குரியது. சீனப்பகுதி புத்தபிரானுக்குக் காணிக்கை செலுத்தியதைக் கூறும். தமிழ்ப்பகுதி தேனாவரை நாயனாருக்குக் காணிக்கை செலுத்தியதைக் கூறும். பாரசீகப்பகுதி இசுலாமிய மரபுக்கு ஏற்ப அமைந்துள்ளது. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு 100 எனத் தொடரும் காணிக்கைப் பட்டியல் மூன்று பகுதிகளிலும் பெரும்பாலும் ஒத்திருக்கின்றது. ஒரே பேரரசர், ஒரே கல்லில், மூன்று சமயத்தாரையும் ஒப்ப மதித்துப் பேசுகின்றார். ஆயினும் அக்கல்லிற் குறிக்கப்பட்ட காலத்துக்குப் பின் சில ஆண்டுகளுள்ளேயே செங் ஹோவின் படைக்கும் இலங்கையில் ஆட்சிசெலுத்திய அழகக்கோனாருக்குமிடையே போர் மூண்டது. 1411ஆம் ஆண்டிலே அழகக்கோனார் சிறைப்பட்டுச் சீனத் தலைநகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கல்லிலே வணக்கமும் கரையிலே வாளும் ஒரே கையினின்றும் வந்தன என்பதை வரலாறு மறைக்கவில்லை.

இங்கே கல் கூறாது விட்ட செய்தியொன்று தமிழ் மாணாக்கரின் உள்ளத்தைத் தானே ஈர்க்கும். சீனநாட்டில் இருந்துகொண்டு அத்தமிழ் வாசகத்தை யாத்தவர் யார்? அவர் பெயர் கல்லில் இல்லை. அவரைக் கற்பனையாற் படைக்கலாம். ஆனால் அக்கற்பனைக்கும் ஊன்றுகோல் உண்டு. சீனத்துக் குவான்சௌ துறைமுகத்திலே 1281ஆம் ஆண்டிற்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அங்கே சிவன் கோயிலொன்றும் இருந்தது. எனவே 1409ஆம் ஆண்டிற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னரே தமிழ் வணிகர் சீனக் கரையில் வாழ்ந்தனர் என்பது தெளிவு. அவர் வழிவந்த ஒருவரா? அல்லது செங் ஹோவின் முந்திய செலவின்போது நம் கடற்கரையினின்றும் அழைத்துச் செல்லப்பட்ட ஒருவரா? தமிழ் நெடுங்கணக்கை அறியாத சீனக் கற்றச்சனுக்கு அருகிலிருந்து, ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிக்கொடுத்த ஒருவரை மனக்கண்முன் நிறுத்தி, 'கல்லில் எழுதாத பெயர்' என்னும் தலைப்பில் ஒரு சிறுகதை எழுதலாம்.

தேனாவரைக் கோயிலை 1588ஆம் ஆண்டிற் போத்துக்கேயர் அழித்தனர். காணிக்கை பெற்ற கோயில் மறைந்தது. காணிக்கையைக் கூறிய கல் நீர்க்காலுக்கு மூடியாயிற்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்திலே அக்கல் எவ்வெவர் கைப்பட்டது என்பதும் எழுதுதற்குரிய பொருளேயாம்.

3. ஆனைக்கோட்டை முத்திரை

1980ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர், பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் ஆனைக்கோட்டையில் ஆய்வு நிகழ்த்தினர். அங்கே பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமப்புதைகுழியொன்றில், எலும்புக்கூட்டுடன் சிறு முத்திரையொன்று கிடைத்தது. அதன் மேல்வரியிற் குறியீடுகளும், கீழ்வரியிற் பிராமி எழுத்துக்கள் மூன்றும் உள. அவ்வெழுத்துக்களைக் 'கோவேத' என வாசிப்போர் உளர். 'கோவேந்த' எனக் கொள்வோரும் உளர். 'கோ' என்னும் சொல் தலைமையைக் குறிப்பதென்பது பலர்க்கும் உடன்பாடு. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே இக்குடாநாட்டில் எழுத்தறிவும் தலைமை முறையும் நிலவின என்பதற்கு இச்சிறு பொருள் சான்றாகின்றது.

மாணாக்கர்க்கு இதனைக் கொடுக்கும்போது ஆசிரியர் மிக்க விழிப்புடனிருத்தல் வேண்டும். 'கோ' என்னும் எழுத்தைக் கண்டவுடனே கோட்டையும் கொத்தளமும், யானைப்படையும் குதிரைப்படையும், ஈழம் முழுவதும் பரந்த பேரரசும் இளம் உள்ளத்தில் எழும். மூன்று எழுத்துக்கள் அத்துணைப் பாரத்தைத் தாங்கமாட்டா. புதைகுழியிற் கிடைத்தவை மட்பாண்டங்களும் அவைபோன்ற எளிய பொருள்களுமேயன்றி மணிமுடியும் செங்கோலுமல்ல. அம்மட்பாண்டங்களை வனைந்தவர் யார்? முத்திரையைச் செதுக்கியவர் யார்? இறந்தவரை அடக்கஞ் செய்தபோது அதனையும் உடன் வைக்க வேண்டுமெனக் கூறியவர் யார்? மகனுக்கு உரிமையாகச் செல்லவேண்டிய அடையாளத்தை ஏன் மண்ணுக்குக் கொடுத்தனர்?

'முத்திரையை உடன் வைத்த நாள்' என்னும் தலைப்பு போரையும் வெற்றியையும் வேண்டி நிற்காது. ஒரு வீட்டாரின் துயரையும், ஓர் ஊரின் வழக்கத்தையும் மாத்திரமே வேண்டி நிற்கும். பேரரசைக் கற்பிப்பதினும் அஃது எளிதன்று. அதனை நன்கு எழுதிய மாணாக்கன் மூதாதையரை மனிதராகக் காணக் கற்றவனாவான்.

4. பாகியன் கண்ட விசிறி

வீரச்செலவுகளை விரும்பும் மாணாக்கர்க்கு யாத்திரிகரின் குறிப்புக்கள் குறையாத களஞ்சியமாகும். சீனத் துறவியாகிய பாகியன் 399ஆம் ஆண்டிலே தோழர் சிலருடன் தம் நாட்டினின்றும் புறப்பட்டார். பாலைவனத்தையும் பனிமலையையும் கடந்து இந்தியாவை அடைந்து, அங்கிருந்து 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து ஈராண்டு தங்கினார். உடன் வந்த தோழருட் சிலர் இறந்தனர். சிலர் வழியிலே தங்கிவிட்டனர். ஒருநாள் அநுராதபுரத்து அபயகிரி விகாரையிலே பச்சைக்கல்லாலான புத்தர் படிமத்தின் முன்னர், வணிகனொருவன் வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைப்பதைக் கண்டார். அது தம் நாட்டு விசிறி. கண்டவுடனே அவர் கண்கள் நீர் சொரிந்தன.

மீண்டு செல்லும்போது இருநூறு பேருக்கு மேல் ஏறிய பெருங்கப்பலிற் பயணஞ் செய்தார். புயல் வீசிற்று, கப்பலில் நீர் புகுந்தது. வணிகர் தம் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாகியனும் தம் நீர்க்குடத்தையும் கைகழுவும் பாத்திரத்தையும் எறிந்தார். தேடிப்பெற்ற நூல்களையும் எறியுமாறு கூறிவிடுவரோ என்பதே அவரை வருத்திய அச்சமாயிருந்தது.

இவற்றை அவரே எழுதிவைத்துள்ளார். ஆயின் விசிறியை வைத்த வணிகனைப்பற்றி அவர் ஒன்றுங் கூறவில்லை. அவன் அவ்விசிறியை எங்கே வாங்கினான்? எதற்காக நேர்ந்துகொண்டான்? தன் காணிக்கையைக் கண்டு அழும் அயல்நாட்டுத் துறவியை அவன் நோக்கினானா? 'விசிறி வைத்த வணிகன்' என ஒரு கதையும், புயலிடையே 'எறியாத நூல்கள்' என ஒரு நாடகக் காட்சியும் இங்கே காத்திருக்கின்றன. வீரச்செயல் என்றவுடன் வாட்போரையே எண்ணும் இளைஞர்க்கு, உயிர் தப்புவது ஐயமாகிய வேளையில் நூல்களை மார்போடு அணைத்து நின்ற துறவியின் வீரத்தையும் காட்டுதல் நம் கடமையாகும்.

5. அருவியாற்று வழி

ஆங்கிலக் கப்பலொன்று புயலில் முறிந்த பாய்மரத்தைச் சீர்செய்யும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவிற்கு வந்தபோது, 1660ஆம் ஆண்டிலே அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் பிறரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். தந்தை அடுத்த ஆண்டிலேயே இறந்தார். பத்தொன்பது வயதினனாகிய மகன் தொப்பி பின்னியும் சிறுவாணிபஞ் செய்தும் ஏறக்குறைய இருபதாண்டுகளைக் கழித்தான். 1679ஆம் ஆண்டிலே தோழனொருவனுடன் தப்பியோடி, அநுராதபுரத்து இடிபாடுகளைக் கடந்து, நாம் அருவியாறு என வழங்கும் மல்வத்து ஓயாவின் கரைவழியே நடந்து, மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தான். 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த அவனது நூல் அக்கால இலங்கையை அறிதற்குச் சிறந்த மூலங்களுள் ஒன்றாக விளங்குகின்றது.

இவ்வரலாற்றை நொக்சின் வாயால் மீண்டும் கூறுவதில் மாணாக்கர்க்குப் பெரும்பயன் இல்லை. அதனை அவனே செவ்வனே கூறிவிட்டான். அவன் வழியிற் சந்தித்தோருள் தமிழ் பேசுவோரும் இருந்தனர். நீண்ட தாடியும் கந்தையுமாய்க் காட்டினின்றும் வெளிப்பட்ட இரு வெள்ளையரை அவர்கள் எவ்வாறு நோக்கினர்? அஞ்சினரா, இரங்கினரா, அரசனுக்கு அஞ்சி ஒதுங்கினரா? ஒரே நிகழ்ச்சியை மறுகரையினின்றும் நோக்கும் பயிற்சி இது. 'ஆற்றங்கரையிற் கண்ட இருவர்' என்னும் தலைப்பு அதற்குப் போதுமானது.

6. எல்லை கடந்த கற்பனை

இதுகாறும் கற்பனைக்கு இடங்கொடுத்தே பேசினோம். அதன் மறுபக்கத்தையும் கூறாதுவிடின் இக்கட்டுரை பாதியில் நின்றதாகும்.

கிரேக்கப் பெருங்காப்பியமாகிய இலியதத்தை மெய்வரலாறென நம்பிய செர்மானிய வணிகர் சிலீமன் என்பார், துருக்கி நாட்டு இசார்லிக் மேட்டிலே 1870ஆம் ஆண்டு தொடக்கம் அகழ்ந்து திறோய் நகரத்தைத் தேடினார். அவரது நம்பிக்கையே அவரை உரிய இடத்தில் ஊன்றி நிற்கச் செய்தது. ஆனால் தாம் தேடிய நகரம் அடியிலேயே இருக்கும் என்ற எண்ணத்தால் மேட்டின் நடுவே பெரும் பள்ளம் தோண்டி, மேலிருந்த பல காலப் படைகளை அழித்துவிட்டார். 1873ஆம் ஆண்டிற் கிடைத்த பொற்குவியலைப் பிரியம் மன்னனின் புதையல் எனப் பறைசாற்றினார். அது திறோய்ப் போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டதெனப் பின்னர் தெளிவாயிற்று. புதையலை எடுத்தபோது தம் மனைவி அருகிருந்து உதவியதாகவும் எழுதினார். அவ்வம்மையார் அவ்வேளையிலே அதென்சு நகரில் இருந்தார். நல்ல கதைக்கு அழகூட்டும் பொருட்டுச் சேர்த்த அச்செய்தி, அவர் கூறிய மெய்களையும் ஐயுறச் செய்துவிட்டது.

இதற்கு எதிராக, தமிழ்கூறும் நல்லுலகு நன்கறிந்த 'பொன்னியின் செல்வ'னை நோக்குவோம். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய அப்புதினத்துக்கு ஆதாரமானவற்றுள் உடையார்குடிக் கல்வெட்டும் ஒன்று. ஆதித்த கரிகாலனைக் கொன்ற குற்றத்துக்காளானோரின் பெயர்களை அக்கல்வெட்டுத் தருகின்றது. கொலைக்குக் காரணத்தை அது விரித்துரைக்கவில்லை. அவ்விடைவெளியிலே கல்கி நந்தினியைப் படைத்தார். அது புனைகதை என்பதை அவர் மறைத்தாரல்லர். எனினும் நந்தினி மெய்யாகவே வாழ்ந்தாள் என நம்பும் வாசகர் இன்றும் உளர். ஆசிரியன் எல்லையை அறிந்திருந்தாலும் வாசகன் அறியாதிருப்பின் கதை வரலாறாகிவிடும் என்பதற்கு இதுவே சான்று.

7. நாம் செய்யத்தக்கது

இவ்வுண்மை பிற நாட்டாரினும் நமக்கு மிகவும் வேண்டப்படுவது. இத்தீவிலே யார் முதலில் வந்தார், எக்கல் யாருக்குரியது, எவ்விடிபாடு எவர் கட்டியது என்னும் வழக்குகள் ஏட்டோடு நின்றனவல்ல. எல்லாத் தரப்பிலும் கதைகள் வரலாறெனக் கற்பிக்கப்பட்டன. அவற்றை நம்பியோர் அயலாரைப் பகைவராகக் கண்டனர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. சான்று அழிந்த இடத்தில் இழந்ததை ஈடுசெய்யக் கற்பனை விரைந்து வரும். அவ்வீடு மெய்யெனக் கருதப்படுமாயின், எஞ்சியுள்ள சான்றுகளின் மதிப்பும் கெடும்.

ஆதலின் மேற்காட்டிய தலைப்புகளை வகுப்பில் இடும் ஆசிரியர்க்கு மூன்று நெறிகளைக் கூற விரும்புகின்றோம். முதலாவது, ஒவ்வொரு மாணாக்கனும் எழுதத் தொடங்குமுன் அப்பொருளைப்பற்றி உறுதியாக அறிந்தவற்றைத் தனித்தாளிற் பட்டியலிடல் வேண்டும். பொருளை நூதனசாலையிற் சென்று காண இயலுமாயின் காணுதல் நன்று; இயலாதாயின் நல்ல நிழற்படமேனும் வேண்டும். இரண்டாவது, எழுதி முடித்தபின் கதையின் ஈற்றில் மூன்று தலைப்புகளின்கீழ்ச் சிறுகுறிப்பு வரைதல் வேண்டும்: அறிந்தது, உய்த்துணர்ந்தது, கற்பித்தது. காலி மும்மொழிக் கல்லைப்பற்றி எழுதியவன், கல்லின் ஆண்டை முதலாவதன்கீழும், சீனக் கரையில் வாழ்ந்த தமிழர் எவரேனும் உதவியிருக்கலாம் என்பதை இரண்டாவதன்கீழும், அவருக்குத் தான் இட்ட பெயரை மூன்றாவதன்கீழும் எழுதுவான். கதைக்குப் புள்ளி இடும் ஆசிரியர் இக்குறிப்புக்கும் புள்ளி இடல் வேண்டும். மூன்றாவது, புதையல் தேடும் வேட்கையை எழுத்தோடு நிறுத்தல் வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம் அநுமதியின்றித் தொல்லிடங்களை அகழ்தலைத் தடைசெய்கின்றது. தோட்டத்திலோ வயலிலோ பழம்பொருள் தென்படின், இடத்தைக் குறித்துக்கொண்டு உரியவர்க்கு அறிவித்தலே மாணாக்கன் செய்யும் தொண்டு. இடம் அறியாத காசு தன் கதையிற் பாதியை இழந்த காசாகும்.

இப்பயிற்சியாற் சிறந்த எழுத்தாளர் ஓரிருவர் தோன்றலாம், தோன்றாதும் போகலாம். தன் கதையிலே எது மெய், எது புனைவு எனப் பிரித்துக் கையொப்பமிட்ட மாணாக்கன், நாளை பிறர் கூறும் கதைகளையும் அவ்வாறே பிரித்தறிவான் என்பதே நாம் எதிர்பார்க்கும் பெரும்பயன். மேடையிலே முழங்குவோன் ஒரு கல்லைச் சுட்டி இன்னாரது என்று கூறும்போது, 'அக்கல்லில் எழுதியிருப்பது யாது?' என அமைதியாகக் கேட்கும் இளைஞர் ஒவ்வோர் ஊரிலும் சிலராவது வேண்டும். அவர்களை ஆக்கும் பணி மொழி ஆசிரியர்க்கும் வரலாற்று ஆசிரியர்க்கும் பொதுவானது. இருவரும் கூடி, வரும் தவணையிலேயே ஒரு வகுப்பில், ஒரு காசைக்கொண்டேனும் இதனைத் தொடங்குவாராக.